தென்னாப்பிரிக்காவில் நாய்க்குட்டிகளுக்கு இனப் பதிவு: இணை சேர்ப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பெட்டை ஈன்று மூன்று வாரம் ஆன பிறகு, "குட்டிகளுக்குப் பேப்பர் எடுக்கணும், எங்கே போகணும்?" என்று கேட்கிறவர்கள் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறைகளாக நாய் வளர்க்கும் வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து, முதன்முதலாக ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கியவர்களும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்டால் பலருக்கு வருத்தமான பதில்தான் கிடைக்கும். தாயின் சான்றிதழ் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். தகப்பன் நாய் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அல்லது அதன் உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்துவிடுவார். குட்டிகள் அத்தனையும் பார்த்தாலே தெரிகிற அசல் இனமாக இருந்தும் பதிவேட்டில் ஏறாது.

அதனால் இணை சேர்ப்பதற்குச் சில மாதங்கள் முன்னாலிருந்தே தொடங்குகிறேன். குட்டிகள் ஏற்கெனவே பிறந்துவிட்டன என்றாலும் முதலிலிருந்தே படியுங்கள். எந்தக் காகிதம் விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

எந்தப் பதிவேடு

தென்னாப்பிரிக்காவில் இன நாய்களுக்கான பழைய, பெரிய பதிவேடு கென்னல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆப்பிரிக்காவினுடையது. சுருக்கமாகக் குசா என்பார்கள். 1891-இல் தென்னாப்பிரிக்கக் கென்னல் கிளப் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. தலைமை அலுவலகம் கேப் டவுனில் இருக்கிறது. எஃப்சிஐ என்ற பன்னாட்டு நாய்ச் சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்தது என்பதால் இந்தச் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் அதே கூட்டமைப்பைச் சேர்ந்ததுதான்.

எல்லா இனத்துக்கும் ஒரே வாசல் என்று நினைத்துவிடாதீர்கள். போயர்போயல் நாய்க்குத் தனி வளர்ப்பாளர் சங்கம் இருக்கிறது, அந்த இனத்தில் ஈடுபட்ட பெரும்பாலோர் அங்கேதான் பதிகிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் தனிக் கூட்டமைப்பு உண்டு. இவை போக வேறு சிறிய பதிவேடுகளும் இயங்குகின்றன. விளம்பரத்தில் "பேப்பரோடு" என்று எழுதியிருந்தால் எந்த அமைப்பின் பேப்பர் என்று கட்டாயம் கேளுங்கள். தாய் ஒரு பதிவேட்டிலும் தகப்பன் வேறொன்றிலும் இருந்தால் குட்டிகளின் பதிவு சிக்கலாகும், சில வேளை நடக்கவே நடக்காது. இங்கே குசா வழியைத்தான் சொல்கிறேன். மற்றவற்றிலும் அடிப்படை ஏறக்குறைய இதேதான்.

இனச் சான்றிதழ் நிலத்துக்குப் பட்டா மாதிரி. யாருக்குப் பிறந்தது, யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நாய் ஆரோக்கியமானதா, குணம் நல்லதா என்று சொல்லாது. இதை வாங்குபவருக்கும் விளக்க வேண்டிய கடமை வளர்ப்பாளருக்கு இருக்கிறது. பேப்பரைக் காட்டியே எல்லாத் தரமும் இருப்பது போலப் பேசி விற்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியவில்லை.

முதல் வேலை: தாய் உங்கள் பெயரில் இருக்கிறதா

பெட்டையை வாங்கும்போது ஒரு சான்றிதழ் தந்திருப்பார்கள். அதை எடுத்து உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால், பணம் கொடுத்து வாங்கி வீட்டில் வளர்த்தாலும், பதிவேட்டின் கணக்கில் நாய் உங்களுடையது அல்ல. விற்றவரின் கையெழுத்தோடு உரிமை மாற்றப் படிவம் போய்ச் சேர வேண்டும். விற்றவர் ஜோஹன்னஸ்பர்க்குக்குக் குடிபோயிருக்கலாம், தொலைபேசி எண்ணை மாற்றியிருக்கலாம். ஆளைத் தேடிப் பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். பருவத்துக்கு வந்த பெட்டை அதுவரை காத்திருக்காது.

நாய் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் குட்டிகளுக்கான படிவத்திலும் இருவர் கையெழுத்தும் தேவைப்படும். வேறொருவரின் பெட்டையைக் குட்டிக்காக மட்டும் வாங்கி வந்து வளர்ப்பதாக இருந்தால், அந்தக் குத்தகை ஏற்பாட்டையும் இணை சேர்ப்பதற்கு முன்பே எழுத்தில் பதிந்துவிடுங்கள். வாய்ப்பேச்சை எந்தப் பதிவேடும் ஏற்காது.

இங்கே புதிதாக வந்த தமிழர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். இந்த நாட்டுப் படிவங்களிலோ குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் காலியாக நிற்கும். ஒரு படிவத்தில் அங்கே தகப்பனார் பெயரை எழுதி, அடுத்ததில் சொந்தப் பெயரை எழுதி, மூன்றாவதில் வெறும் முதலெழுத்தைப் போட்டால், பதிவேட்டில் நீங்கள் மூன்று வேறு ஆட்களாகத் தெரிவீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை உறுப்பினர் விண்ணப்பம், உரிமை மாற்றம், குட்டிப் பதிவு எல்லாவற்றிலும் வையுங்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று தலைமுறைகளாக ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதி வரும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் உறுப்பினர் சேர்க்கை. பதிவு செய்யப் போகிறவர் முதலில் உறுப்பினர் ஆகிவிடுவது நல்லது, சந்தாவும் நடப்பில் இருக்க வேண்டும். படிவங்களும் அந்த ஆண்டுக் கட்டணப் பட்டியலும் குசா இணையதளத்தில் இருக்கும். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நண்பர் போன வருடம் எவ்வளவு கட்டினார் என்பதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். தொகை குறைந்தால் விண்ணப்பம் அப்படியே கிடப்பில் கிடக்கும்.

தொடர்ந்து குட்டி வளர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே ஒரு கென்னல் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். உங்களிடம் பிறக்கும் ஒவ்வொரு குட்டியின் பெயரோடும் அது நிரந்தரமாகச் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே யாராவது எடுத்த பெயர் கிடைக்காது, ஆகவே இரண்டு மூன்று பெயர்களை யோசித்து வையுங்கள். வைகை, பொருநை, குறிஞ்சி போல நம் பெயர்கள் இங்கே தனித்து நிற்கும். அதில் ஒரு அழகு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே விதமாகத்தான் எழுத முடிகிற பெயராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தகப்பன் நாயைத் தேடும்போது

இங்கேதான் அதிகம் நேரம் செலவிட வேண்டும். நாயை நேரில் பாருங்கள். சான்றிதழின் நகலை வாங்கி, அதில் இருக்கும் பதிவு எண்ணையும் மைக்ரோசிப் (தோலுக்கடியில் போடும் சிறு அடையாளச் சில்லு) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரைக் கொண்டு நாயின் உடம்பில் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஓ தரச் சிப்பில் 15 இலக்கம் இருக்கும், ஒரு இலக்கம் பிசகினாலும் அது வேறு நாயின் எண். சரிபார்க்கக் கேட்பதை நல்ல வளர்ப்பாளர் யாரும் அவமதிப்பாக நினைக்க மாட்டார்.

சான்றிதழில் இனப்பெருக்கத் தடைக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு நாயாக மட்டும் வளர்க்கச் சொல்லி விற்ற குட்டிகளுக்கு வளர்ப்பாளர்கள் அப்படிப் போட்டு வைப்பதுண்டு. அந்த நாய்க்குப் பிறப்பவை பதிவாகாது. பெட்டைக்கும் இதே விதிதான். மிக இளம் வயதிலோ மிகவும் முதிர்ந்த வயதிலோ இணை சேர்ப்பதற்கும் பதிவு விதிகளில் வரம்பு இருக்கிறது. முதல் பருவத்திலேயே சேர்க்காதீர்கள். பெரிய இனங்களில், பரம்பரை மூட்டுக் குறை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயை 12 மாதம் நிறைந்த பிறகுதான் தரம் பிரிக்க முடியும். அந்த முடிவு வருவதற்கு முன்னால் குட்டி எடுப்பது தாய்க்கும் பிறக்கப்போகும் குட்டிகளுக்கும் செய்யும் அநியாயம்.

இரண்டு நாய்களுக்கும் டிஎன்ஏ எடுத்து வைத்துவிடுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டர்ஸ்டிபோர்ட் கால்நடை மரபியல் ஆய்வகம் இந்தச் சோதனையைச் செய்கிறது. நாளைக்கு யாராவது தகப்பன் இவனல்ல என்று சந்தேகம் கிளப்பினால் இதுதான் சாட்சி. சுவரேறிக் குதித்து வந்த பக்கத்து வீட்டு நாய் விஷயத்திலும் இது உதவும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடக்கக் கூடியதுதான். அப்படிச் சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சொல்லி, ஒவ்வொரு குட்டிக்கும் சோதனை செய்துவிடுங்கள். பொய்யாக எழுதிய ஒரு தகப்பன் பெயர் அதன் பேரன், கொள்ளுப்பேரன் வம்சாவளி வரைக்கும் போய் நிற்கும்.

புருசெல்லா கேனிஸ் என்ற கிருமிக்கும் இரத்தம் எடுத்துப் பாருங்கள். இணை சேரும்போது பரவி, கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும். வெளிநாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு நாயைக் கொண்டுவரும்போது கேட்கப்படும் இரத்தச் சோதனைகளில் இதுவும் ஒன்று. பபேசியா கிப்சோனி, டிரிபனோசோமா எவான்சி, இதயப் புழு, லீஷ்மேனியா ஆகிய ஒட்டுண்ணிகளுக்கான சோதனைகள் மற்றவை. ஊரிலிருந்து நாய் வரவழைக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பபேசியா கிப்சோனி இந்தியாவில் பரவலாக இருக்கிறது. கூடவே அங்குள்ள கென்னல் கிளப் தரும் ஏற்றுமதி வம்சாவளிச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் வந்த நாயை இங்கே பதிவேட்டில் ஏற்ற முடியாது. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கொண்டுவர ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தடை கூடுதல்: எஃப்சிஐ இந்த இனங்களை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இணை சேர்ந்த அன்றே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: இரண்டு நாய்களின் பதிவுப் பெயர், எண், இணை சேர்ந்த தேதிகள், தகப்பன் உரிமையாளருக்குத் தர வேண்டியது பணமா குட்டியா, எப்போது தர வேண்டும் என்பது, இருவர் கையெழுத்து. ஈற்றுப் பதிவுப் படிவத்தில் தகப்பன் உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். பணத் தகராறு வந்தால் அவர் முதலில் நிறுத்தி வைப்பது அதைத்தான். செயற்கைக் கருவூட்டல் என்றால் கால்நடை மருத்துவரின் சான்றும் சேர வேண்டும்.

குட்டிகள் பிறக்கும் நாள்

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்து, அந்த வாரம் தீபாவளியோடு மோதுகிறதா என்று பாருங்கள். சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் தீபாவளி இரவு வெடிச்சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே காலத்தில் நவம்பர் 5-ஆம் தேதி கை ஃபாக்ஸ் இரவும் வருகிறது. ஈனும் பெட்டைக்கு அது பெரிய துன்பம். தவிர்க்க முடிந்தால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

குட்டிகள் வரத் தொடங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிறந்த நேரம், ஆணா பெண்ணா, நிறம், அடையாளம், எடை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். இறந்து பிறந்ததையும் எழுதுங்கள். ஒரே நிறத்துக் குட்டிகள் என்றால் ஒவ்வொன்றின் கழுத்திலும் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, அந்த நிறத்தையும் குறித்துவிடுங்கள். நூல் இறுகாமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும், குட்டிகள் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும். மைக்ரோசிப் போடும் வரை குட்டிக்கு இந்த நூலைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

நிறத்தைப் படிவத்தில் எழுத அவசரம் வேண்டாம். டால்மேஷன் புள்ளியே இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கும். யார்க்ஷயர் டெரியர் கறுப்பாகப் பிறந்து பின்னால்தான் நீலச் சாம்பலாக மாறும். உங்கள் இனத்துக்குப் பதிவேட்டில் என்ன நிறச் சொற்கள் இருக்கின்றன என்று பார்த்து அவற்றையே எழுதுங்கள்.

ரொடீஷியன் ரிட்ஜ்பேக் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1922-இல் இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் தர வரையறை எழுதப்பட்ட, தென் ஆப்பிரிக்கப் பகுதிக்கே உரிய இனம் இது. முதுகில் எதிர்த்திசையில் வளரும் மயிர்க் கோடுதான் இதன் அடையாளம். சில குட்டிகள் அந்தக் கோடு இல்லாமலே பிறக்கும். அவையும் அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள்தான். அவற்றையும் சேர்த்துப் பதிந்து, இனப்பெருக்கத்துக்கு அல்ல என்ற குறிப்போடு நல்ல வீட்டுக்குக் கொடுக்கலாம். பிறந்த சில நாளிலேயே முதுகு, கழுத்துத் தோலை விரலால் தடவி, தோலுக்கடியில் மெல்லிய குழாய் போல ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். டெர்மாய்ட் சைனஸ் என்ற பிறவிக் குறை அது. அனுபவமுள்ள ரிட்ஜ்பேக் வளர்ப்பாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டுவது நல்லது.

வாலை வெட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தோற்றத்துக்காக வால் வெட்டுவதைத் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றம் 2008 ஜூனிலிருந்து மருத்துவர்களுக்குத் தடை செய்துவிட்டது. வீட்டில் வெட்டுவது கொடுமை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கும் வரலாம். வாலோடு இருக்கும் ராட்வைலரும் ராட்வைலர்தான்.

சிப், ஊசி, படிவம்

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரிடம் போவீர்கள். மைக்ரோசிப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் போடுவார்கள். போடுவதற்கு முன் சிப்பை ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், போட்ட பிறகு குட்டியின் மேலும் ஒருமுறை. ஒவ்வொரு சிப்போடும் எண் அச்சிட்ட ஒட்டிகள் சில வரும். ஒன்றை நோட்டில் அந்தக் குட்டியின் வரிக்கு எதிரே ஒட்டுங்கள், ஒன்றைத் தடுப்பூசி அட்டையில், ஒன்று வாங்குபவருக்கு. கையால் எழுதும்போது 15 இலக்கத்தில் இரண்டு இடம் மாறுவது மிகச் சாதாரணம். ஒட்டி இருந்தால் அந்தப் பிழையே வராது.

இப்போது ஈற்றுப் பதிவுப் படிவம். தாய், தகப்பன் பதிவு எண்கள், இணை சேர்ந்த தேதி, பிறந்த தேதி, ஆண் எத்தனை பெண் எத்தனை, ஒவ்வொரு குட்டிக்கும் பெயர், நிறம், சிப் எண். இவற்றையெல்லாம் நோட்டைப் பார்த்து எழுதினால் ஒரு மாலையில் முடியும். எல்லாக் குட்டிகளையும் ஒரே தடவையில் பதியுங்கள். வீட்டு நாயாகப் போகும் குட்டிக்கு எதற்குப் பேப்பர் என்று இரண்டை விட்டுவிட்டால், ஒரு வருடம் கழித்து அதே வீட்டார் பேப்பர் கேட்டு வருவார்கள். தாமதப் பதிவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ரொம்பவும் தாமதமானால் ஏன், எப்படி என்ற விளக்கங்களும் கேட்பார்கள். ஆகவே சிப் போட்ட வாரமே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

பெயர் வைப்பதில் ஒரு யோசனை: வீட்டுக்குள் கூப்பிடும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு. வாங்கியவர் குட்டியை மணி என்று கூப்பிடட்டும். பதிவுப் பெயர் சான்றிதழில் நிரந்தரமாக இருக்கும். ஒரு ஈற்றின் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைத்தால் பின்னால் எந்த ஈற்று எது என்று அடையாளம் காண எளிது.

அனுப்புவதற்கு முன் படிவத்தின் நகல், கட்டணம் செலுத்திய ரசீது, தகப்பன் உரிமையாளரின் கையெழுத்துப் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள் வந்ததும் ஒவ்வொரு எண்ணையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் குட்டி வீட்டை விட்டுப் போவதற்கு முன் திருத்துவது எளிது. போன பிறகு திருத்த வேண்டுமானால் வாங்கியவரையும் அலைய வைக்க வேண்டியிருக்கும்.

குட்டியை ஒப்படைக்கும்போது

எட்டு வாரம் ஆகாமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். எத்தனை அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். கொடுக்கும் அன்று, உரிமை மாற்றப் படிவத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, வாங்குபவர் பகுதியை அவரை உங்கள் முன்னாலேயே நிரப்பச் சொல்லி, நீங்களே அனுப்பிவிடுங்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். அந்தக் குட்டி தாயாகும் காலத்தில் அவர்களும் ஆளைத் தேடி அலைவார்கள்.

இனப் பதிவு வேறு, மைக்ரோசிப் தரவுத்தளம் வேறு. குசாவில் உரிமை மாறினாலும், சிப் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் உங்கள் தொலைபேசி எண்தான் இருக்கும். நாய் காணாமல் போய் யாராவது ஸ்கேன் செய்தால் அழைப்பு உங்களுக்கு வரும். இங்கே பரவலாக இருக்கும் ஐடென்டிபெட், விர்பாக் நிறுவனத்தின் பேக்ஹோம் போன்றவற்றில் எது உங்கள் சிப்போ, அதில் வாங்கியவர் பெயரை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. குட்டி உங்கள் வீட்டில் இருக்கும்போது இந்த வயது வந்திருக்காது என்பதால் வாங்குபவர்தான் போட வேண்டும். முதல் ஊசி போட வேண்டிய தேதியை அட்டையில் நீங்களே எழுதிக் கொடுங்கள். குவாஸூலு-நட்டாலில் நாய்கள் மூலம் இந்த நோய் பல ஆண்டுகளாகப் பரவி வருகிறது. குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்லத் தயங்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல், இங்கே பிலியரி என்பார்கள், அதைப் பற்றியும் சொல்லுங்கள். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: விலை, சிப் எண், பதிவுப் பெயர், சான்றிதழ் கையில் தரப்பட்டதா அல்லது எப்போது வரும், தடைக் குறிப்பு உண்டா என்பது. தொடர்ந்து குட்டி விற்பவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகராகவே பார்க்கும். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி எழுதி அதிலிருந்து தப்ப முடியாது. பேப்பருக்குத் தனி விலை, பேப்பர் இல்லாமல் தனி விலை என்று பேரம் பேசாதீர்கள். பதிவு செய்த குட்டியின் சான்றிதழ் குட்டியோடு போக வேண்டியது.

வீட்டில் எத்தனை நாய் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒவ்வொரு நகராட்சியிலும் துணைச் சட்டம் உண்டு. விற்காமல் இரண்டு குட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு அல்லது கூட்டுக் குடியிருப்பு என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாருக்கு எந்தக் குட்டி போனது, அவர்கள் தொடர்பு எண் என்ன என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு குட்டிக்கு இடுப்பிலோ இதயத்திலோ பரம்பரை நோய் தெரிந்தால், மற்ற குட்டிகளை வாங்கியவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.